நீ பிறந்த வருஷத்து இஃதிகாஃப்

அன்பு மகனுக்கு, உம்மா எழுதுவது. அல்லாஹ்வின் சாந்தி உன் மேல் இறங்கட்டும், போன மழைக்கு ஒழுகியதாக நீ எழுதியிருந்த உன் குவார்ட்டர்ஸ் கூரை மேலும் இறங்கட்டும். கார் நிக்கோபாரிலிருந்து நீ போட்ட கடிதம் இந்த வாரக் கப்பலில் வந்து சேர்ந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்து இரண்டு தடவை படித்தேன். ஆபீஸில் லீவு கிடைத்துவிட்டது, ரமலானின் கடைசிப் பத்து நாளைக்கு போர்ட் பிளேருக்கு வருகிறேன், ஆனால் வீட்டில் தங்க மாட்டேன், நம் பஜார் பள்ளிவாசலில் இஃதிகாஃப் உட்காரப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பிரசவத்துக்கு இங்கே என்னோடு இருக்கிற உன் பெண்டாட்டிக்கு அந்தச் சமயத்தில்தான் மாசம் நிறைகிறது என்பதும் உனக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கும் ஒரு வரி போட்டிருக்கிறாய்: 'நான் பிறந்தபோது வாப்பா பள்ளியில்தானே இருந்தார்கள், நீங்கள் சமாளிக்கவில்லையா, இப்போதும் நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள்' என்று.

அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈஸி சேரில் படுத்திருந்த உன் வாப்பா, "என்ன, என்ன எழுதியிருக்கான்?" என்று எழுந்து உட்கார்ந்தார். படித்துக் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "பாதிக் கதைதான் அவனுக்குத் தெரியும். நீயே எழுது, நான் எழுதினா நீளமாயிடும்" என்றார். அவர் சொன்னது சரிதான். பஜாரில் உன்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் 'வாப்பா பள்ளியில் இருக்கும்போது பிறந்த பிள்ளை' என்று சொல்லியே உன்னை வளர்த்துவிட்டார்கள். அது முழுக்கப் பொய் இல்லை. ஆனால் உன் வாப்பா அந்த இஃதிகாஃபை முடிக்கவில்லை. முடித்தது வேறொருத்தர். அவர் இந்த ஊரில் இருந்தவரை அந்தக் கதையை யாரையும் சொல்ல விடமாட்டார், ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவார். இப்போது அவர் கீழக்கரையில், கப்பலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். ஆகையால் தைரியமாக எழுதுகிறேன்.

அந்த வருஷம் ரமலானும் மழையும் சேர்ந்தே வந்தன. நாங்கள் மரைன் ஹில் சரிவில் ஒரு தகரக் கூரை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். உன் வாப்பா பஜாரில் ஜவுளிக்கடை போட்டு நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கடைக்கு நேர் எதிரே இன்னொரு ஜவுளிக்கடை, மீரான் காக்காவுடையது. ஆமாம், நீ பெரியவாப்பா என்று கூப்பிட்டு, தோளில் ஏறி உட்கார்ந்து வளர்ந்தாயே, அதே மீரான் காக்காதான். அவர் உன் வாப்பாவின் கூடப் பிறந்த அண்ணன் என்றே நீ ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாய். நீ பிறப்பதற்கு முன்னால் அவரும் உன் வாப்பாவும் முகம் பார்த்துப் பேசியதே இல்லை என்றால் நம்புவாயா?

காரணம் உன் வாப்பாவின் வாய்தான். அவர் எப்படிப்பட்ட பேச்சுக்காரர் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது கிழவர், பாதியாகக் குறைந்திருக்கிறது. அன்றைக்கு அவர் கடை வாசலில் நின்றால் தமிழில் ஒரு கூட்டம், இந்தியில் ஒரு கூட்டம், பெங்காலிக்காரர்கள் நடுவில் கையை ஆட்டி ஆட்டி ஒரு கூட்டம். ஒரு நாள் கூட்டம் சேர்ந்த உற்சாகத்தில், "எதிர்க்கடைக் கைலியைக் கட்டிக்கிட்டு நம்ம மாப்பிள்ளை ஒருத்தர் கடல்ல இறங்கினார், அன்னையிலிருந்துதான் அந்தமான் கடல் இவ்வளவு நீலம்" என்று ஒரு போடு போட்டுவிட்டார். பஜாரே சிரித்தது. அந்தப் பேச்சு சாத்தம் மில்லுக்குப் போய், பம்பூ பிளாட்டுக்குப் படகேறிப் போய், மறுபடி பஜாருக்கே திரும்பி வந்தது. மீரான் காக்காவிடம் துணி எடுக்கப் போகிறவர்கள் எல்லாம் "சாயம் போகுமா காக்கா?" என்று கண்ணைச் சிமிட்டினார்கள். அவர் சிரிக்கவுமில்லை, சண்டைக்கு வரவுமில்லை. உன் வாப்பாவைப் பார்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். இயல்பிலேயே வாய் திறக்காத மனுஷர். பெண்டாட்டி கப்பலுக்குப் பயந்து கீழக்கரையிலேயே இருந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. கடைக்குப் பின்னால் ஒரு அறை, மெஸ்ஸில் சாப்பாடு, ஐந்து வேளையும் பள்ளி. அவ்வளவுதான் அவருடைய உலகம்.

நம் பள்ளியில் வருஷா வருஷம் இஃதிகாஃப் உட்கார்ந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் அந்த வருஷம் மகளோடு இருக்க மெயின்லேண்டுக்குப் போய்விட்டார். கடைசிப் பத்து நாளும் பள்ளியை விட்டு வெளியே வராமல், உலகக் காரியம் எல்லாவற்றையும் வாசலில் விட்டுவிட்டு, தொழுகையும் ஓதலுமாக ஒருத்தராவது இருக்க வேண்டும். ஒருத்தர் இருந்தால் ஊருக்கே போதும், ஒருத்தரும் இல்லாவிட்டால் ஊருக்கே குறை. பள்ளியில் தொழவைக்கும் முஸ்லியார் மலபாரிலிருந்து வந்தவர், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் இதைச் சொல்லி, யார் உட்காரப் போகிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் தலையைக் குனிந்து பாயைப் பார்த்தார்களாம். குற்றம் சொல்ல முடியாது. மில்லில் வேலை செய்கிறவனுக்கு லீவு கிடையாது. கடைக்காரர்களோ கப்பலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெருநாள் சரக்கு ஏற்றிய கப்பல் மழையில் மாட்டி, இன்று வரும் நாளை வரும் என்று தள்ளிக்கொண்டே போனது. அது வருகிற நேரத்தில் எவன் பள்ளிக்குள் போய் உட்காருவான்?

அந்த அமைதியைத் தாங்க முடியாமல் எழுந்து நின்றவர் உன் வாப்பா. உட்காருவதற்காக எழவில்லை, ஊருக்கு உபதேசம் பண்ண எழுந்தார். "ஜமாஅத்தார்களே, இது நமக்கு வெட்கம் இல்லையா? இத்தனை பேர் இருக்கோம், ஒருத்தருக்குக்கூட அல்லாஹ்வுக்காகப் பத்து நாள் ஒதுக்க..." என்று ஆரம்பித்தாரோ இல்லையோ, முஸ்லியார் இரண்டு கையையும் விரித்து, "மாஷா அல்லாஹ்! ஆளு கிட்டியல்லோ!" என்று ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கத்தினாராம். பள்ளி முழுக்க "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரே குரல். உன் வாப்பா வாயைத் திறந்தார், மூடினார், உட்கார்ந்தார். முதல் வரிசைக் கடைசியில் உட்கார்ந்திருந்த மீரான் காக்காவின் உதடு அன்று கொஞ்சம் அசைந்ததாக முஸ்லியார் பிறகு சொன்னார்.

வீட்டுக்கு வந்து அவர் இதைச் சொன்னபோது நான் அடுப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், நீ உள்ளே இருந்து உதைக்க உதைக்கச் சிரித்தேன். "கப்பல் வந்தா?" என்றேன். "வரட்டும். கடையில விற்க என்ன இருக்கு, பாதி அலமாரி காலி. பூட்டிட்டுப் போறேன்." "உங்களால பேசாம இருக்க முடியுமா?" அதைக் கேட்டதும் அவர் தலையணை தேடப் போய்விட்டார். உன்னைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. பக்கத்து வீட்டுப் பூவா, பெருநாள் கழிந்துதான் வலி வரும் என்று கையை வைத்துப் பார்த்துச் சொல்லியிருந்தாள். பூவா என்றால் இந்திக்காரர்களுக்கு அத்தை. ஆனால் மரைன் ஹில்லில் எந்த ஊர்க்காரர் வீட்டுப் பிரசவமானாலும் அவள்தான் பார்ப்பாள், அதனால் எல்லோருக்குமே அவள் பூவா. நல்ல புடவைத்துணி ஒன்றை நான் மடித்துக் கொடுக்க, அதைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பள்ளியின் ஒரு மூலையை மறைத்து, உள்ளே பாயும் தலையணையுமாக உன் வாப்பா போய் உட்கார்ந்தார்.

முதல் நாட்களில் என்ன நடந்திருக்கும் என்று நீயே ஊகித்துக்கொள். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்ய வருகிறவனிடம் மழை விசாரிப்பார். தொழுதுவிட்டுப் போகிறவனிடம் கப்பல் விசாரிப்பார். யாரும் வராவிட்டால் முஸ்லியாரிடம் சந்தேகம் கேட்பார். நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னால் நான் கஞ்சியும் மீனும் எடுத்துக்கொண்டு மெல்ல நடந்து பள்ளியின் பக்கவாட்டு ஜன்னலுக்குப் போவேன். முஸ்லியார் என்னைப் பார்த்து, "உங்க ஆளுக்கு ஒண்ணு சொல்லணும், இது பள்ளி, பார்பர் ஷாப் அல்ல" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு ஒரு நாள் ஜன்னலுக்குப் போனேன். உன் வாப்பா வந்து நின்று பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. "காய்ச்சலா?" என்றேன். "இல்லையே." "பின்னே ஏன் பேச மாட்டேங்கிறீங்க?" அவர் யோசித்து, ஏதோ புதிதாக ஒரு பழத்தைத் தின்று ருசி சொல்கிறவர் மாதிரி, "பேச ஒண்ணும் தோணலை. நல்லா இருக்கு" என்றார். தகரத்தில் மழை விழுவதும், தூரத்தில் மில்லின் சங்கு ஊதுவதும், ஓதும்போது தன் குரலே தனக்குக் கேட்பதும் நன்றாக இருக்கிறது என்றார். அவர் முகத்தில் நான் அதற்கு முன்னால் பார்க்காத ஒரு வெளிச்சம் இருந்தது. கலியாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது மழையில் நனைகிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

நான் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "அஸர் தொழுதுட்டு எல்லாரும் போனப்புறம் மீரான் காக்கா மட்டும் உட்கார்ந்திருக்கார். சுவரைப் பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம். இத்தனை வருஷமா எதிர்க்கடையில இருக்கேன், அந்த மனுஷன் தனியா இருக்கார்னு எனக்குத் தெரியலை பாரு." கூப்பிட்டுப் பேச வேண்டியதுதானே என்றேன். "வாய் வரலை" என்றார். உன் வாப்பாவுக்கு!

மகனே, இனிமேல் உன் கதை. பெருநாளுக்கு இன்னும் சில நாள் இருக்கும்போதே, ஒரு மத்தியானம், ளுஹர் கழிந்து எனக்கு இடுப்பில் வலி எடுத்தது. வெளியே ஊற்றுகிற மழை. பூவா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். "பாய் கோ புலாவூன்?" அவரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். "நஹி பூவா, வேண்டாம்" என்றேன். நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் பக்தி என்று நினைக்காதே. பெருமை. ஊரில் ஒருத்தரும் முன்வராதபோது என் புருஷன் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஜன்னலில் நான் பார்த்த முகத்தை நானே கலைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் நேரம் போகப் போக பூவாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு, "பேட்டி, பிள்ளை திரும்பலை. இது என் கைக்கு அடங்காது. ஆஸ்பத்திரி" என்றாள்.

அப்போது என் பெருமை எங்கே போனதென்றே தெரியவில்லை. "அவரைக் கூப்பிடுங்க" என்று கத்தினேன். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவர் வந்தால் போதும் என்றிருந்தது.

பூவாவின் புருஷன் பள்ளிக்கு ஓடினார். அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் போயிருந்தார்கள். "அரே பாய், ஜல்தி சலோ, வீட்டில கூப்பிடுறாங்க" என்று வாசலில் நின்று கத்தியிருக்கிறார். உன் வாப்பா திரையை விலக்கிக்கொண்டு வந்தவர், வாசற்படியில் வந்து நின்றுவிட்டார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. முஸ்லியார் அவர் தோளைத் தட்டி, "போடோ. இருந்தது அல்லாஹ்வுக்கு வேண்டி. போறதும் அல்லாஹ்வுக்கு வேண்டித்தான்" என்றார். "இடம் காலியாயிடுமே முஸ்லியாரே" என்று திரும்பிப் பார்த்தார் உன் வாப்பா. பள்ளியில் மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தர்தான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்.

"காக்கா..." என்று மட்டும் உன் வாப்பாவுக்கு வந்தது. மீரான் காக்கா எழுந்தார். இடுப்பு வாரிலிருந்து கடைச் சாவிக் கொத்தை அவிழ்த்தார். உன் வாப்பாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "நீ போ தம்பி. புள்ளத்தாச்சியப் பாரு" என்றார். பிறகு நேராக நடந்து, உன் வாப்பாவின் பாயில், நான் கொடுத்த புடவைத்திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, இனி இஃதிகாஃப் தன்னுடையது என்று மனசுக்குள் நிய்யத்து வைத்துக்கொண்டார். கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூட்டிப் போட்டு வந்த கடையைப் பற்றியும் கேட்கவில்லை.

உன் வாப்பா செருப்பு இல்லாமல் மழையில் ஓடி வந்தார். மர நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கிலைக் கட்டி, அதில் என்னை உட்கார வைத்து, உன் வாப்பாவும் பூவாவின் புருஷனும் மில்லில் வேலை பார்க்கும் அக்கம்பக்கத்தார் இருவரும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி மேட்டில் ஏறினார்கள். பூவா குடையைப் பிடித்தாள், அது காற்றில் மல்லாந்து பூ மாதிரி விரிந்துகொண்டது. உன் வாப்பா வாயே திறக்கவில்லை. "ஏதாவது பேசுங்களேன்" என்றேன். "என்ன பேச?" "எதையாவது. நீங்க பேசாம இருந்தாத்தான் பயமா இருக்கு." அப்போதுதான் அவர், மூச்சு வாங்க, பள்ளியில் என்ன நடந்தது என்று சொன்னார். "யாரு? மீரான் காக்காவா? உங்க இடத்திலயா?" "ஆமா. என் தலையணையில." "சாவி?" "இதோ, மடியில. கிலுகிலுங்குதே, கேட்கலையா?" எனக்கு வலி ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். கடல் நீலமான கதையைச் சொன்னவர் அந்தக் கைலிக் கடையின் சாவியோடு மலை ஏறுகிறார். நான் சிரித்தேன். தூக்கிக்கொண்டு வந்தவர்களும் சிரித்தார்கள். நாற்காலி ஆடியது. பூவா மட்டும் எல்லோரையும் இந்தியில் திட்டிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். கெட்டிக்காரர். நீ காலை முன்னால் நீட்டிக்கொண்டு பிறந்தாய், கொஞ்சம் நீலம் பாரித்துப் பிறந்தாய், பிறகு முதுகில் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு ஊரைக் கூட்டினாய். உன் வாப்பா உன்னைக் கையில் வாங்கி உன் காதில் பாங்கு சொன்னார். பஜார் முழுக்கக் கேட்கிற குரல் அவருக்கு. அன்று உனக்கும் எனக்கும் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதே கிடையாது.

மறுநாள் மழை விட்டிருந்தது. ஆஸ்பத்திரி ஜன்னலில் இருந்து பார்த்தால் துறைமுகம் தெரியும். பெரிய சத்தமாகக் கப்பல் சங்கு ஊதியது. இத்தனை நாள் காக்க வைத்த கப்பல் சாத்தம் ஜெட்டிக்கு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. உன் வாப்பா ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "போங்க" என்றேன். "நேத்து கூப்பிட்டது நான்தான். இன்னைக்கு அனுப்புறதும் நான்தான். ரெண்டு கடைச் சரக்கும் ஜெட்டியில நிக்கும், போங்க." அவர் உன் நெற்றியை முகர்ந்துவிட்டு ஓடினார். அங்கிருந்தே பூவாவிடம் சொல்லியனுப்பினேன், பள்ளி ஜன்னலுக்குக் கஞ்சி போவது நிற்கக் கூடாது, உள்ளே இருக்கிறவர் மாறினாலும் நம் வீட்டுக் கஞ்சிதான் என்று. பூவா அவள் கைப்பக்குவத்தில் மசாலாவை அள்ளிப் போட்டுக் காய்ச்சி அனுப்பினாள். மெஸ் சாப்பாட்டில் கிடந்த மீரான் காக்கா, பாத்திரத்தைக் கழுவின மாதிரி வழித்துத் திருப்பி அனுப்பினாராம்.

பஜாரில் நடந்ததை எனக்கு வந்து சொன்னது பூவாதான். உன் வாப்பா முதலில் திறந்தது எதிர்க்கடையை. மீரான் காக்காவின் பண்டல்களை ஜெட்டியிலிருந்து இறக்கி, பிரித்து, அலமாரியில் அடுக்கிவிட்டுத்தான் தன் கடைப் பலகையை எடுத்தார். பிறகு இரண்டுக்கும் நடுவே ரோட்டில் ஓடினார். இங்கே ஒரு சேலையைப் போட்டுவிட்டு, அங்கே ஒரு கைலியை எடுக்க. பெருநாள் கூட்டம். ஒரு பெண், பழைய வேடிக்கையை நினைத்து, மீரான் காக்கா கடைத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, "சாயம் போகுமா பாய்?" என்று கேட்டுவிட்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. உன் வாப்பா ஓடிப் போய் வாளியில் தண்ணீர் கொண்டு வந்து ரோட்டின் நடுவில் வைத்தார். அந்தத் துணியை எல்லோர் கண் முன்னாலும் முக்கினார், கசக்கினார், பிழிந்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி அப்படியே இருந்தது. "பாருங்க! நல்லாப் பாருங்க! நோன்பு மட்டும் இல்லேன்னா இதைக் குடிச்சே காட்டுவேன். இந்தக் கடைத் துணியில சாயம் போகும்னு இந்த ஊர்ல சொன்னவன் ஒருத்தன்தான், அவன் ஒரு முட்டாள், அவன் நான்தான்!" என்று இந்தியில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை கத்தினார். பெங்காலிக்காரர்களுக்கு நெஞ்சில் அடித்துக் காட்டினார். சாயங்காலத்துக்குள் மீரான் காக்கா கடையில் ஒரு கைலி மிச்சமில்லை. மக்ரிப் தொழ வந்தவர்கள் இதை முஸ்லியாரிடம் சொல்லிச் சிரிக்க, திரைக்குப் பின்னால் இருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் வந்ததாம். அது யாருடைய சத்தம் என்று பள்ளியில் ஒருத்தருக்கும் சட்டென்று பிடிபடவில்லை. மீரான் காக்கா சிரித்து இந்த ஊர் கேட்டதில்லை.

மேகத்துக்கு நடுவில் பிறை தெரிந்த அன்று அவர் திரையை விட்டு வெளியே வந்தார். கடைக்குப் போகவில்லை. நேராக ஆஸ்பத்திரி மேட்டில் ஏறி வந்து, என் கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி, வாசலிலேயே நின்றார். முகம் எனக்குத் தெரிந்த முகமாக இருந்தது. ஜன்னலில் உன் வாப்பாவிடம் பார்த்தேனே, அதே வெளிச்சம். உன் வாப்பா உன்னை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தார். நீ உடனே அழ ஆரம்பித்தாய். அவர் உன் வாயைக் குனிந்து பார்த்தார். பிறகு, "தொண்டையைப் பார்த்தா உன் புள்ளதான் தம்பி. சந்தேகமே இல்ல" என்றார். பேசாத மனுஷர் பேசிய முதல் வேடிக்கை. உன் வாப்பா சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "காக்கா, அந்தச் சாயம்..." என்று ஆரம்பித்தார். மீரான் காக்கா கையை ஆட்டி, "அது என்னைக்கோ வெளுத்துப் போச்சு, விடு" என்று சொல்லிவிட்டார். அதோடு சரி. அதற்குப் பிறகு அவர் அதைப் பேசவும் இல்லை, பேச விடவும் இல்லை.

அந்தப் பெருநாளுக்கு அவர் நம் வீட்டில்தான் சாப்பிட்டார். அடுத்த வருஷம் அவர் பெண்டாட்டியும் பயத்தை விட்டுக் கப்பலேறி வந்து சேர்ந்தாள். உன்னைப் பற்றி அவர் எழுதின கடிதங்களைப் படித்துத்தான் வந்தேன் என்று என்னிடம் சொன்னாள், உன் பெரியம்மா. அதிலிருந்து ஒரு வருஷம் உன் வாப்பா உட்காருவார், இவர் இரண்டு கடையையும் பார்ப்பார். மறு வருஷம் இவர் உட்காருவார், அவர் ரோட்டுக்குக் குறுக்கே ஓடுவார். எந்தக் கடையில் எடுத்த துணிக்கு எந்தக் கடையில் கொடுத்தோம் என்று ஜனங்களே குழம்புவார்கள். நீ வளர்ந்தது அந்த ரோட்டில்தான்.

இதையெல்லாம் சொல்லி, நீ உட்காராதே என்று நான் சொல்ல வரவில்லை. உட்காரு. உன் வயசில் ஒருத்தன் தானாக மனசு வந்து பள்ளியில் ஒதுங்கி இருக்கிறேன் என்று எழுதினால் அதைவிட உம்மாவுக்கு என்ன சந்தோஷம்? அந்த வெளிச்சத்தை நான் இரண்டு முகத்தில் பார்த்திருக்கிறேன், மூன்றாவது முகத்திலும் பார்க்க ஆசை. ஆனால் பத்து நாளும் அசைய மாட்டேன் என்று நேர்ச்சை எதுவும் வைத்துக்கொண்டு வராதே. 'உம்மா சமாளித்தார்கள்' என்று இனி எழுதாதே. உம்மா சமாளிக்கவில்லை, கூப்பிட்டாள். உன் வாப்பா வந்தார். நான் இத்தனை வருஷம் அவருடைய பேச்சையெல்லாம் பொறுத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறேன் என்றால், அன்று செருப்பில்லாமல் ஓடி வந்த அந்தக் காலுக்காகத்தான். இஃதிகாஃபில் அவர் என்ன ஓதினார், எத்தனை ரக்அத் தொழுதார் என்று எனக்குத் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது, பேச்சைக் குறைத்த அந்த நாட்களில் அவருக்கு அடுத்த மனுஷன் கண்ணில் பட்டான். அது நடக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்து, ஊரில் நான் ஒருத்தன்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்தால் அதற்குப் பள்ளி எதற்கு, கார் நிக்கோபார் குவார்ட்டர்ஸே போதும்.

உன் கடிதத்தில் நீ ஒருத்தரிடம் கேட்க மறந்துவிட்டாய். நான் கேட்டேன். நேற்று மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது மருமகளிடம், "அவன் உட்காரட்டுமா?" என்றேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, "உட்காரட்டும் மாமி. நானும் கஞ்சி எடுத்துட்டு ஜன்னலுக்குப் போறேன்" என்றாள். மீனை அலசிக்கொண்டே, "ஆனா நான் கூப்பிட்டா வரணும்" என்றாள். அதை எழுதச் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

கடைசியாக ஒரு செய்தி. உன் கடிதத்தைப் படித்துக் காட்டிய அன்றே உன் வாப்பா கைத்தடியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். இப்போதுள்ள இமாமிடம் உன் பேரோடு தன் பேரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். உங்களுக்குத்தான் முட்டி மடங்காதே என்றேன். நாற்காலி போட்டுக்கொள்ள இமாம் அனுமதி கொடுத்துவிட்டாராம். "அவன் எழுந்து ஓட வேண்டி வந்தா இடத்துல ஒருத்தர் இருக்கணும்ல?" என்கிறார். ஆகவே இந்த ரமலானில் நீயும் அவரும் ஒரே திரைக்குப் பின்னால் இருக்கப் போகிறீர்கள். தயாராக வா. முதல் ரெண்டு மூணு நாளைக்கு உன்னை ஓத விடமாட்டார், பேசிக்கொண்டே இருப்பார். பொறுத்துக்கொள். அப்புறம் ஒரு நாள் நிறுத்துவார். உன் வாப்பாவின் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உனக்கு இதுவரை தெரியாது. எனக்கே ஒரு ஜன்னல் அளவுதான் தெரியும். நீ இருந்து பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்.

உன் உம்மா